அவ உக்காந்த பக்கம்

கழட்டறதுக்கு வரலீங்க பாய். அதை முதல்லயே சொல்லிடறேன். நீங்க பாட்டுக்கு வண்டியைத் தூக்கி, அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, முடிஞ்சுது தம்பின்னு சொல்லிடக் கூடாது. சைலன்சருக்கு முன்னாடி பைப்புல போட்டிருக்கற கட்அவுட் இருக்கணும். சத்தமும் இருக்கணும். ஆனா அது இருக்கறது உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. இப்ப கியருக்குப் பக்கத்துல சிவப்பா ஒரு சுவிட்ச் இருக்குதுங்களா, அதை எடுத்துட்டு ஸ்டியரிங்குக்கு அடியில எங்கயாவது ஒளிச்சு வச்சுக் கொடுங்க. இல்லைன்னா ரிமோட் பண்ணிக் கொடுங்க, சாவிக்கொத்துல மாட்டிக்கறேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் பொள்ளாச்சியில இருக்கணும்.

யாருக்குத் தெரியக் கூடாதா? என் சம்சாரத்துக்குத்தான். வேற யாருக்கு.

சிரிக்காதீங்க பாய். உங்களுக்கென்ன, நீங்க வண்டிக்கு அடியில படுத்துக்கறீங்க, நிம்மதி. எனக்கு நாளைக்குப் பேச்சுவார்த்தை. மேகலா அவங்கம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. ஆடியில இதெல்லாம் பேச வேண்டாம், ஆவணி பொறக்கட்டும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆவணி ஒண்ணு. என் மாமனாரு பெருசா எதுவும் கேக்கல. ஒரே ஒரு கண்டிசன். "மாப்ள, அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துருங்க, அதுக்கப்புறம் பேசிக்கலாம்"னாரு. எடுத்துட்டேன் மாமான்னு சொல்லிட்டேன். பெரிய மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அதைக் காப்பாத்தணுமில்லீங்க. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.

கணபதியில யாரைக் கேட்டாலும் சைலன்சர் வேலைன்னா ரபீக் பாய்தான்னு சொல்றாங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். பேசிட்டே இருந்தா தொந்தரவில்லையே? மனசு சரியில்லீங்க. யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா நாளைக்கே ஊரெல்லாம் தெரிஞ்சிரும்.

வண்டியைப் பாருங்க, எப்படி இருக்குது. ஜெர்மன் வண்டி, டர்போ, இருநூத்தி முப்பது குதிரை. ரெண்டாம் கையாத்தான் வாங்கினேன், ஆனா புதுசு தோத்துரும். எங்களுக்கு ரப்பர் கம்பெனி பாய். பம்புசெட்டுக்கு வாசர், புஷ், ஆயில் சீல் எல்லாம் அடிக்கறோம். எங்கப்பா முப்பது வருசம் மொபெட்லயே கம்பெனிக்குப் போயிட்டு வந்தவரு. அவரு பையன் ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டது தப்புங்களா? நியாயம் சொல்லுங்க.

தை மாசந்தான் கட்அவுட் போட்டேன். என் மாமனாருக்கு இது என்னன்னே புரியல. நான்தான் ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினேன். மாமா, இது இஞ்சின்லருந்து புகை வர்ற பைப்பு. இது பின்னாடி சைலன்சர். நடுவுல இங்க ஒரு சின்னக் கதவு. சுவிட்சைத் தட்டினா மோட்டார் அந்தக் கதவைத் திறக்கும். புகை சைலன்சருக்குப் போகாம இங்கயே கீழ வழியா நேரா வெளிய போயிரும், அப்பத்தான் இஞ்சினோட நெஜச் சத்தம் கேக்கும்னு சொன்னேன். அவரு ரொம்ப நேரம் படத்தையே பாத்துட்டு, "அப்ப சைலன்சரு எதுக்கு மாப்ள?"ன்னாரு. அவங்ககிட்ட எல்லாம் என்னத்தைப் பேசறது.

முதல்ல பின்னாடி அச்சுக்குப் பக்கத்துலதான் போட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உள்ள உக்காந்தா கேக்கல. பின்னாடி வர்றவன்தான் கேட்டுட்டு வர்றான். நான் ஆசைப்பட்டுப் போட்டு ரோட்ல போறவன் கேக்கறதுக்குங்களா? சரி, முன்னாடி தள்ளுங்கன்னேன். அந்தப் பட்டறைக்காரரு, முன்னாடி வேண்டாங்க சார், பின்னாடியே இருக்கட்டும்னு ஒரு முனகு முனகினாரு. இவங்களுக்கு எப்பவும் வேலையைக் குறைக்கணும். நான் விடல. மாசி மாசம் முன்சீட்டுக்கு நேர் கீழ கொண்டுவந்து வச்சாச்சு. அப்படியே நடுவுல புகையைச் சுத்தம் பண்றதுக்கு ஒரு டப்பா இருக்குமே, அதையும் எடுத்துட்டு வெறும் பைப்பு. அப்பத்தான் பாய் சத்தம் வந்துச்சு. நெஞ்சுக்குள்ள வந்துச்சு.

அதுலயும் ஒரு தொல்லை. வேகத்தடைக்கு வேகத்தடை அந்தப் பைப்போட வாய் தரையில இடிக்கும். சரவணம்பட்டியில இருந்து பீளமேடு வர்றதுக்குள்ள பதினாலு வேகத்தடை, எண்ணி வச்சிருக்கேன். கடைசியில அதையும் அறுத்து, வண்டியோட அடித்தகட்டுக்கு ஒட்டின மாதிரி மேல தூக்கி வைக்கச் சொல்லிட்டேன். இடிக்கறது நின்னு போச்சு. மோட்டாருக்கு ஒயர் இழுக்கறதுக்கு மட்டும், கம்பெனி விட்ட வழியாத்தான் இழுக்கணும், சீட்டெல்லாம் கழட்டணும், ஒரு நாள் ஆகும்னாங்க. ஒரு ஒயருக்கு ஒரு நாளா? வீட்டுக்குக் கொண்டுவந்து நானே டிரில்லிங் மிசினை எடுத்து அடியில ஒரு ஓட்டை போட்டு, ஒயரை மேல இழுத்து, கார்ப்பெட்டை மூடிட்டேன். இருபது நிமிசம். நம்ம வேலை நம்மளே செஞ்சாத்தான் பாய் ஒழுங்கா இருக்கும்.

சரி, வண்டிக் கதை விடுங்க. மேகலா கதைக்கு வர்றேன்.

அவ காலேஜ்ல கணக்கு வாத்தியாரு பாய். பீளமேட்டுல. கெட்டிக்காரி. ஸ்கூட்டர்ல போயிட்டு இருந்தா. இப்படி ஒரு வண்டியை வீட்ல நிறுத்தி வச்சுட்டு பொண்டாட்டியை ஸ்கூட்டர்ல விடறதுங்களா? ஸ்கூட்டரை என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். தினமும் நானே கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்தேன். எந்தப் புருசன் செய்வான் சொல்லுங்க? காலைல கம்பெனியில லோடு ஏத்தற நேரம். அதை விட்டுட்டுப் போனேன்.

பங்குனி மாசம் ஆரம்பிச்சா. தலை வலிக்குதுங்க. காலேஜ் வாசல்ல இறங்கும்போது தலை வலிக்குது, வயித்தைப் பெரட்டுது. சாயங்காலம் வீட்டு வாசல்ல இறங்கும்போது தலை வலிக்குது. நானும் முதல்ல வெயிலுன்னுதான் நினைச்சேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவரு ரத்தம் கம்மியா இருக்குதுன்னு டானிக்கு கொடுத்தாரு. பேரீச்சம்பழம் பொட்டி பொட்டியா வாங்கிப் போட்டேன். கேக்கல. அப்புறம் கண் டாக்டர். கண்ணாடி மாட்டினா. அதுவும் கேக்கல.

ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன் பாய். எனக்குக் கொஞ்சம் கூர்மையா பாக்கற பழக்கம் உண்டு, கம்பெனியில பழகினது. ஞாயித்துக்கிழமை தலைவலி இல்ல. காலேஜ் லீவு விட்டாத் தலைவலி இல்ல. வேலைக்குப் போற நாள் மட்டுந்தான். மூணாவது டாக்டர்கிட்ட இதை நானே எடுத்துச் சொன்னேன். அவரு ஆச்சரியப்பட்டுட்டாரு. நீங்க சொல்றது சரிதான், இது வேலை டென்சன், கொஞ்ச நாள் ஓய்வு வேணும்னாரு. பாத்தீங்களா, டாக்டருக்கே நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்குது.

அவளுக்கு வேலையை விட மனசில்ல. பொறுப்பான பிள்ளைங்க, பரீட்சை நேரத்துல விட்டா பாவம்னு அழுதா. உடம்பு முக்கியமா வேலை முக்கியமான்னு கேட்டேன். எழுதிக் கொடுத்துட்டா. அன்னைக்கு அவளோட சாமானை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில போட்டு நான்தான் கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. வருத்தத்துலன்னு நினைச்சு நானும் பேச்சுக் கொடுக்கல.

வீட்ல ஒரு மாசம் இருந்தா. ஒரு நாள் தலைவலி இல்ல பாய். ஒரே ஒரு நாள் இல்ல. பாட்டுப் பாடிட்டு சமைச்சா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? நான் கண்டுபிடிச்சது சரியாப் போச்சுன்னு ரெண்டு பேருகிட்ட சொல்லிக்கூட வச்சேன்.

அப்புறந்தான் இடிச்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை, வா, காந்திபுரம் போயி டிபன் சாப்பிட்டுட்டு வரலாம்னு கூட்டிட்டுக் கிளம்பினேன். ஓட்டல் வாசல்ல இறங்கறா, "தலை விண்ணு விண்ணுங்குதுங்க, வீட்டுக்குப் போயிரலாமா?"ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? அடுத்த வாரம் மருதமலை. அதே கதை. படியில உக்காந்துட்டா. இப்ப வேலையும் இல்ல, டென்சனும் இல்ல. வீட்ல நல்லாத்தான் இருக்கறா. எங்கம்மாகூட நல்லா இருக்கறா. என்கூடக் கிளம்பினா மட்டும் தலைவலி. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க பாய்? ஒரு பொண்ணுக்குப் புருசனைப் பாத்தாத் தலைவலி வருதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்?

மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன்.

இதுல கண்ணாடிச் சண்டை வேற. வண்டியில ஏறினதும் அவ பக்கத்துக் கண்ணாடியை இறக்குவா. காத்து வேணுங்கறா. ஏசி ஓடிட்டு இருக்குது, அப்புறம் என்ன காத்து? நான் என் பக்கம் ரெண்டு விரக்கடை இறக்கி வச்சிருப்பேன். அது கேக்கறதுக்கு. ரெண்டு பக்கமும் திறந்தா சத்தம் கலங்கிப் போயிரும் பாய், உங்களுக்குத் தெரியாததா. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தாத்தான் அந்த அடிச்சத்தம் சுத்தமா காதுக்கு வரும். சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அப்புறம் என் கதவுல இருக்கற லாக் பட்டனை அமுக்கி வச்சுட்டேன். அவ சுவிட்சை ரெண்டு தடவை தட்டிப் பாத்துட்டு விட்டுட்டா.

எனக்கும்தான் தலை பாரமா இருக்கும், ரொம்ப தூரம் ஓட்டினா. நான் யாருகிட்டயாவது சொன்னேனா? இறங்கி ஒரு டீ குடிச்சாச் சரியாப் போயிருது.

வைகாசியில ஈரோட்டுல எங்க பெரியப்பா பையன் கல்யாணம். ரெண்டு மணி நேரம். பைபாஸ்ல நல்ல ரோடு, காலையில கூட்டமில்ல. திறந்து விட்டேன் பாய். அந்த மாதிரி நான் ஓட்டினதே இல்ல. பெருந்துறை வரைக்கும் அவ பேசிட்டுத்தான் வந்தா, அப்புறம் தூங்கிட்டா. இவ்வளவு சத்தத்துலயும் இப்படித் தூங்கறாளே, பழகிட்டா போல இருக்குதுன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

மண்டபத்து வாசல்ல கதவைத் திறந்து கால வச்சா. அப்படியே சரிஞ்சா. பன்னீர் தெளிக்கறதுக்கு நின்ன பொண்ணுங்க காலடியில விழுந்தா. விழுந்து, பட்டுப்புடவையோட வாந்தி. முகம் ஒரு மாதிரி செவசெவன்னு இருந்துச்சு. எங்க சொந்தம் அத்தனையும் கூடிருச்சு. எங்கம்மா ஓடிவந்து தாங்கிப் பிடிச்சுட்டு, கல்யாணமாகி மூணு வருசத்துக்கு இப்பத்தான் கடவுள் கண்ணத் திறந்தாருன்னு அழுவறாங்க. பெரியம்மா வாயில சக்கரை போடறாங்க. என் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. நானும் சிரிச்சுட்டு நின்னேன் பாய். எனக்கும் ஆசைதானே.

மூணாம் நாள் ரிசல்ட்டு வந்துச்சு. ஒண்ணுமில்ல.

அன்னைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். எத்தனை நாளைக்கு மனசுக்குள்ளயே வச்சிருக்கறது? "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடு மேகலா. ஊருக்கு முன்னாடி இப்படி நாடகம் போடாத"ன்னேன். அவ என்னையே பாத்தா. "நான் நாடகம் போடறேனாங்க?"ன்னு கேட்டா. கோபமாக் கேக்கல பாய். நெஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரிக் கேட்டா. எனக்கு அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

அப்புறம் மனநல டாக்டர். அதுவும் நான்தான் விசாரிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அவரு கதையைக் கேட்டாரு. யாரு சொன்னாங்கறீங்களா? நான்தான் சொன்னேன். அவளுக்குக் கோர்வையாச் சொல்ல வரல, போற வழியிலயே தலையைப் பிடிச்சுட்டு வந்தவதானே. வீட்ல வர்றதில்ல, என்கூட வெளிய போனா மட்டும் வருதுங்கன்னு சொன்னேன். மனசுல இருக்கற பயம் உடம்புல வந்து நிக்குதுன்னாரு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை எழுதினாரு. அதைப் போட்டா எந்நேரமும் தூங்கி வழிவா. ரெண்டு வாரம் பாத்துட்டு மாமனாரு வந்து, கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும் மாப்ளன்னு பஸ்சுலயே கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் கொண்டுபோய் விடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாரு.

அங்க போனதுல இருந்து ஒரு நாள் தலைவலி இல்லையாம். நல்லா இருக்கறாளாம். அதைப் போன்ல சந்தோசமாச் சொல்றாங்க எங்கிட்ட. கேக்கற எனக்கு எப்படி இருக்கும்னு ஒருத்தராவது நினைச்சாங்களா?

ஆனா ஒண்ணு பாய், மேகலா நல்லவ. அதை எங்க வேணாலும் சொல்வேன். போன வாரம் போன் பண்ணினா. "தப்பு எம்பேர்லதாங்க. என் மனசுதான் ஏதோ கோணலா இருக்குது. நீங்க எவ்வளவோ செஞ்சீங்க. ஆவணி ஒண்ணாந்தேதி எங்கப்பா, உங்கம்மா எல்லார் முன்னாடியும் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன்"னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதெல்லாம் எதுக்குன்னேன். ஆனா சொல்லட்டும்னுதான் இருக்கறேன். எங்கம்மா ஈரோட்டுல பட்ட அவமானத்துக்கு ஒரு வார்த்தையாவது வேணுமில்லீங்க. அவ சொல்லுவா, நான் பரவால்லன்னு பெருந்தன்மையாச் சொல்லிருவேன். சாப்பிட்டுட்டு வண்டியில கூட்டிட்டு வந்துருவேன். நாளைக்குத் திரும்பும்போது கட்அவுட்டைத் திறக்க மாட்டேன், சத்தியமா. ஒரு மாசம் போகட்டும்.

என்ன பாய்? வெளிய வந்துட்டீங்க. முடிஞ்சுதுங்களா?

டார்ச்சா? இந்தாங்க. அது எதுக்கு அந்தப் பக்கம் கதவைத் திறக்கறீங்க, சுவிட்ச் இந்தப் பக்கமில்ல இருக்குது.

கரி. ஆமா, கரிதான். பைப்புன்னா கரி இருக்காதுங்களா? பைப்புல இல்லையா? கார்ப்பெட்டுக்கு அடியிலயா?

அது ஒயருக்கு நான் போட்ட ஓட்டை. ஆமா, ஒயர் சின்னதுதான், ஓட்டை கொஞ்சம் பெருசாப் போச்சு. டிரில்லிங் மிசினுக்கு அந்தப் பிட்டுதான் இருந்துச்சு. புஷ்சா? ஒயரைச் சுத்தி ஓட்டையை அடைக்கற ரப்பர் வளையந்தானே, போடணும்னுதான் இருந்தேன். எங்க கம்பெனியில அந்த அளவு ரப்பர் புஷ் தெனம் ஆயிரம் அடிக்கறோம் பாய், அன்னைக்குக் கையில ஒண்ணு இல்ல. நாளைக்குக் கொண்டுவந்து போட்டுக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன். கார்ப்பெட்டு மூடியிருக்குதே, அதுல என்ன வந்துரும்?

இல்லீங்க. அப்படியெல்லாம் இருக்காது. புகைன்னா நாத்தம் வருமில்ல? பெட்ரோல் நாத்தம் கொஞ்சம் வரும். அவளும் சொல்லுவா, ரேஸ் வண்டின்னா அப்படித்தான்னு நானும் சொல்லியிருக்கேன். அதுலயே கண்ணுக்கும் தெரியாம, நாத்தமும் இல்லாம விஷ வாயு ஒண்ணு இருக்குதுங்கறீங்க. அதைச் சுத்தம் பண்றதுதான் அந்த டப்பாங்கறீங்க. நாலு டாக்டர் கண்டுபிடிக்காததை நீங்க படுத்துட்டே கண்டுபிடிச்சுட்டீங்களாக்கும். சரி, அப்படியே வச்சுக்குவோம். அப்ப எனக்கு ஏன் வரல? நானும் அதே வண்டியிலதான உக்காந்திருந்தேன்?

என் கண்ணாடியா?

திரும்பச் சொல்லுங்க. என் பக்கம் ரெண்டு விரக்கடை திறந்திருந்தா, வண்டி ஓடும்போது அந்த வழியா உள்ள இருக்கற காத்தை வெளிய உறிஞ்சும். உறிஞ்சற காத்துக்கு எங்கயாவது இருந்து உள்ள வரணும். அவ பக்கம் மூடியிருக்குது. அப்ப அவ காலுக்கடியில இருக்கற ஓட்டை வழியா வரும். அவளைத் தாண்டித்தான் எங்கிட்ட வரும். அதுக்குள்ள என் பக்கத்துக் காத்துல கலந்து போயிருது.

சும்மா சொல்லாதீங்க பாய்.

சரி. நான் உக்காந்து பாக்கறேன். இஞ்சினைப் போடுங்க, கட்அவுட்டைத் திறங்க, அந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை இறக்குங்க, இந்தப் பக்கம் பூட்டிருங்க. அவ உக்காந்த பக்கமே உக்காரறேன். நின்ன வண்டின்னா புகை அடியிலயே தேங்கி இன்னும் வேகமா உள்ள ஏறுங்கறீங்களா, ஏறட்டும். பத்து நிமிசம். ஒண்ணும் ஆகலைன்னா நீங்க பேசாம சுவிட்சை மாத்திக் கொடுக்கணும்.

...

தண்ணி கொடுங்க.

ஒண்ணுமில்ல, விடுங்க, நானே நிக்கறேன். நல்லாத்தான் இருக்கேன். எத்தனை நிமிசமாச்சு? ஏழுதானா? நீங்க ஏன் கதவைத் திறந்தீங்க, நான் பத்துன்னு சொன்னேனே.

நெத்தியில கயிறு கட்டி இறுக்கற மாதிரி இருக்குது. இப்படித்தான் சொன்னா அவளும். இதே வார்த்தை. கயிறு கட்டினாப்புல இருக்குதுங்கன்னு. ரெண்டு வருசமா இந்த வண்டி வச்சிருக்கேன் பாய், இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்ல. இன்னைக்குத்தான் முதல் தடவை. அங்க உக்காந்தா சத்தம்கூட அவ்வளவு நல்லா இல்ல. வெறும் இரைச்சல்.

ஈரோட்டுக்கு ரெண்டு மணி நேரம்.

பெருந்துறைக்கு அப்புறம் தூங்கலையா அவ? அது தூக்கம் இல்லையா?

இன்னும் ஒரு அரை மணி நேரம் ஆயிருந்தா? ... வேண்டாம். சொல்லாதீங்க. 

நான் வேணும்னு பண்ணல பாய். உங்களுக்கே தெரியும். எனக்கு அவளைப் பிடிக்கும். சாமி சத்தியமா பிடிக்கும். நான் அவளுக்குன்னுதானே தெனம் கொண்டுபோய் விட்டேன். வேலையை விடச் சொன்னதுகூட அவ உடம்புக்குன்னுதான். எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஒரு நாள் விட்டிருப்பேனா?

சரி. இப்ப ஒண்ணு பண்ணலாம். நல்லதுக்குத்தான் சொல்றேன், கேளுங்க. இந்த ஓட்டையை அடைச்சிருங்க. கம்பெனிக்குப் போன் பண்ணினா இப்பவே ஒரு பை புஷ் வந்துரும். கட்அவுட்டையும் கழட்டிருங்க, எனக்கு வேண்டாம். அந்த டப்பாவைத் திரும்பப் போட்டுருங்க. கரியைத் துடைச்சு, கார்ப்பெட்டை மாத்தி, எதுவுமே நடக்காத மாதிரி பண்ணிருங்க. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வர்றேன். தலைவலி வராது. அடுத்த வாரமும் வராது. மாத்திரையில குணமாயிருச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. யாருக்கும் எந்தக் கெட்ட பேரும் இல்ல. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். எதுக்கு அதைக் கிளறி, அவங்கப்பா முன்னாடி, எங்கம்மா முன்னாடி. நடந்தது நடந்துபோச்சு. இனிமே நடக்காதுல்ல, அதானே முக்கியம்?

என்ன பாய் தலையை ஆட்டறீங்க? நான் சொன்னதுல என்ன தப்பு?

என்ன கேட்டீங்க?

ஆமா. அந்த மாத்திரையை இன்னும் சாப்பிடறா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தீரத் தீர நான்தான் வாங்கி பஸ்சுல கொடுத்தனுப்பறேன். எவ்வளவு நாளைக்கா? ஒரு வருசத்துக்காவது போடணும்னாரு டாக்டர். அவரைப் பாத்து நிறுத்தச் சொல்லிக்கலாம்.

நிறுத்தணும்னா காரணம் சொல்லணும்.

குணமாயிருச்சுன்னு சொன்னா? குணமாயிருச்சுன்னா வியாதி இருந்துச்சுன்னு அர்த்தம். நாளைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கப் போறா பாய். என் மனசு கோணல்னு அவ வாயால சொல்லப் போறா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருப்பேன். அதுக்கப்புறம் என்கூடவே இருப்பா, நல்லாவே இருப்பா, எப்பவாவது சாதாரணமாத் தலை வலிச்சாக்கூட எங்கிட்டச் சொல்லாம மறைப்பா. திரும்ப ஆரம்பிச்சுருச்சோன்னு பயந்துட்டு. அதையும் நான் தெனம் பாத்துட்டு இருப்பேன்.

நீங்க ரெண்டே கேள்விதான் கேட்டீங்க, பாத்தீங்களா. மிச்சத்தையெல்லாம் நானே சொல்லிட்டேன்.

இருங்க. போன் எங்க வச்சேன்? வண்டியில இருக்குது. அந்தப் பக்கம் வேண்டாம், நானே எடுத்துக்கறேன்.

மணி ஒம்பதே முக்கால். இந்நேரம் சாப்பிட்டிருப்பா. தெனமும் இதே நேரத்துக்கு நான் பண்ணுவேன். ராத்திரி மாத்திரை போட்டாளா இல்லையான்னு கேக்கறதுக்கு. அவளுக்கு மறதி ஜாஸ்தி ஆயிருச்சுன்னு அவங்கம்மா சொன்னாங்க, அதான் நானே பொறுப்பா கேட்டுக்கறேன். கேட்டுட்டு வச்சுருவேன். வேற என்ன பேசறது எங்களுக்கு.

எப்படிப் பாய் ஆரம்பிக்கறது? நீங்க சொல்லுங்க. உனக்கு ஒண்ணும் இல்ல மேகலான்னு ஆரம்பிக்கட்டுங்களா? எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்லன்னு?

கூப்பிட்டாச்சு. அந்தப் பக்கம் மணி அடிக்குது.

எடுத்துட்டா.

"போட்டுட்டேங்க"ங்கறா பாய். நான் இன்னும் ஒண்ணுமே கேக்கல.